மூன்று தட்டுக்குப் பதில்

படகைக் கடலிலிருந்து தூக்கி, பட்டறையின் ஓரத்தில் முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். நான் போனபோது காலை வெயில் அதன் ஒரு பக்கத்தில் மட்டும் விழுந்திருந்தது. மறுபக்க நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுத் தங்கை உட்கார்ந்திருந்தாள். வலது மணிக்கட்டில் கட்டு.

"டாக்டர் வந்தாச்சு," என்றாள். "நோயாளி மேல நிக்குது பாரு."

"உன்னைப் பாத்தா நீதான் நோயாளி மாதிரி இருக்கே."

"எனக்கு எதுவும் எழுதித் தர வேண்டாம். அதுக்கு எழுதிக் குடு."

படகுகளைப் பரிசோதிப்பது என் தொழில். புயலில் அடிபட்டு வந்த படகு மறுபடி கடலுக்குப் போகலாமா, கூடாதா என்று சொல்ல வேண்டும். சொந்தக்காரர்களின் படகைப் பார்ப்பதில்லை என்று ஒரு கொள்கை வைத்திருந்தேன். தங்கை கேட்டாள். வந்துவிட்டேன்.

அது சின்னப் பாய்மரப் படகு. ஒரு கேபின், ஒரு அடுப்பு, முன்பக்கத்தில் ஒரு படுக்கை. வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு அதில் குடியேறியிருந்தார்கள். வேறு வீடு கிடையாது. போன வாரம் கடல் அவர்களை ஒரு இரவு முழுக்கப் புரட்டி எடுத்தது. விடிந்ததும் தாங்களாகவே பாயை விரித்துத் துறைக்கு வந்து சேர்ந்தார்கள். பட்டறையில் எல்லோருக்கும் அது ஆச்சரியம்.

"வெள்ளிக்கிழமை இறக்கிடலாம்னு கிரேன்காரர் சொல்றாரு. நீ சரின்னு சொன்னா போதும்."

"சரியில்லைன்னா?"

"உன் வீட்டு சோபா இருக்கவே இருக்கு. உன் மூஞ்சியைத் தினமும் பாத்துக்கிட்டு இருக்கணும். அதுக்குக் கடலே பரவாயில்ல."

அவள் கணவர் ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவரை எல்லோரும் கேப்டன் என்றுதான் கூப்பிடுவோம். படகு வாங்குவதற்கு முன்பே தொப்பி வாங்கியவர். கிண்டலுக்கு வைத்த பெயர் நிலைத்துவிட்டது. இன்று தலை வெறுமையாக இருந்தது.

"தொப்பி எங்கே கேப்டன்?"

"கடல் கேட்டுச்சுக்கா. குடுத்துட்டேன்."

சிரித்தார். கண் சிரிக்கவில்லை. தரையேறிய நாளிலிருந்து அவர் படகில் படுப்பதில்லை என்று தங்கை சொன்னாள். பட்டறையில் பாய் தைக்கும் அறையில் ஒரு ஓரத்தில் படுத்துக்கொள்கிறார். அவள் மட்டும் படகிலேயே தூங்குகிறாள்.

"ஆடாத இடம் வேணுமாம் அவருக்கு."

"இதுவும் ஆடலையே. முட்டு மேலதானே நிக்குது," என்றேன்.

கேப்டன் ஏணியைப் படகில் சாய்த்தார்.

வெளியிலிருந்து ஆரம்பித்தேன். சுக்கானை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினேன். அசைவு இல்லை. அடியில் கனத்த கட்டை உடலோடு சேரும் இடத்தில் விரிசல் தேடினேன். இல்லை. பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளில் பஞ்சுத் துணியை வைத்து மேலிருந்து கீழே இழுத்தேன். ஒரு இழை அறுந்திருந்தாலும் துணியைப் பிடித்துக்கொள்ளும். எங்கும் பிடிக்கவில்லை.

அப்புறம் சுத்தியல். பிளாஸ்டிக் தலை வைத்த சின்னச் சுத்தியல். ஃபைபர் உடலைத் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல இடம் 'டக்' என்று கணீரென்று சொல்லும். உள்ளே பிரிந்த இடம் 'தொப்' என்று மந்தமாகச் சொல்லும். ஒரு தட்டு போதாது. முதல் தட்டில் காது விழிக்கும், இரண்டாவதில் கேட்கும், மூன்றாவதில் நம்பும். அதனால் எந்த இடத்திலும் மூன்று. இத்தனை வருடத்தில் கைக்கு அது பழகிவிட்டது. நான் நினைக்க வேண்டியதில்லை.

கேப்டன் கூடவே நடந்து வந்தார். ஒவ்வொரு மூன்றுக்கும் அவர் தோள் கொஞ்சம் இறுகியது.

"என்ன?"

"ஒண்ணுமில்லக்கா. தட்டுற சத்தம் கேட்டா அந்த ராத்திரி ஞாபகம் வருது." படகின் உடலில் கையை வைத்தபடி சொன்னார்: "அவ இல்லேன்னா நான் திரும்பி வந்திருக்க மாட்டேன். கை உடைஞ்சு உள்ள கிடந்தா. ஆனா விடாம தட்டிக்கிட்டே இருந்தா. ரெண்டு ரெண்டா. இருக்கேன், இருக்கேன்னு சொல்ற மாதிரி. அதைக் கேட்டுக்கிட்டேதான் நான் முழிச்சிருந்தேன்."

"நீங்க பதிலுக்குத் தட்டினீங்களா?"

"எங்கே? ரெண்டு கையும் சுக்கான் பிடியில. ஒரு விரலை எடுத்திருந்தா படகு கவிழ்ந்திருக்கும்."

சரி என்று அடுத்த இடத்தைத் தட்டினேன். டக், டக், டக். நல்ல உடல்.

உள்ளே இறங்கினேன். புயலில் நனைந்த எல்லாப் படகுக்கும் உள்ள வாசனைதான். ஈரத் துணி, டீசல், உப்பு. ஏணிப் படிக்குப் பக்கத்தில் சுவரில் மூன்று கொக்கிகள். இரண்டு ஓரத்திலும் அவர்கள் இருவரின் மழைக்கோட்டுகள் தொங்கின. காய்ந்து விறைத்திருந்தன. நடுக் கொக்கி காலி.

தரைப்பலகையைத் தூக்கினேன். அதற்குக் கீழே உள்ள பள்ளத்தில்தான் படகுக்குள் வரும் தண்ணீர் எல்லாம் கடைசியில் சேரும். கொஞ்சம் நின்றிருந்தது. விரலை நனைத்து நாக்கில் வைத்தேன். இனித்தால் குடிதண்ணீர்த் தொட்டி ஒழுகுகிறது. கரித்தால் கடல். கரித்தது. புயலில் உள்ளே விழுந்ததாக இருக்கும். ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்தேன். துணியால் துடைத்தேன். பிறகு குழந்தைகளுக்குப் போடும் பவுடரைப் பள்ளத்திலும் அதைச் சுற்றிய தரையிலும் மெல்லத் தூவினேன். பின்னால் மேல்தளத்தில் குழாய்த் தண்ணீரைப் பீச்சிப் பார்ப்போம். எங்காவது ஒழுகினால் வெள்ளையில் கோடு விழும். கோட்டைப் பிடித்துப் போனால் ஓட்டை.

தங்கை வலி மாத்திரை போட்டுக்கொண்டு முன்பக்கப் படுக்கையில் சாய்ந்தாள். படகு சாய்ந்தால் ஆள் உருண்டு விழாமலிருக்கப் படுக்கையின் ஓரத்தில் கித்தான் துணி ஒன்றை இழுத்துக் கட்டுவார்கள். அவள் அதைப் பழக்கத்தில் இழுத்துக் கட்டிக்கொண்டாள்.

"தரையில நிக்குது. எங்கே விழப்போறே?"

"இது இல்லாம தூக்கம் வரல. அன்னிக்கு முழுக்க இதுக்குள்ளதான் கிடந்தேன். நாங்க ஒரு ஏற்பாடு வச்சிருக்கோம்க்கா, தெரியுமா? வெளியில காவல் இருக்கற ஆள் அப்பப்ப ரெண்டு தட்டு தட்டணும். இருக்கேன்னு அர்த்தம். உள்ள இருக்கற ஆளும் ரெண்டு தட்டணும். நானும் இருக்கேன். வெளியில இருக்கறவங்களுக்கு முடியலன்னா மூணு. முறை மாத்தணும், ஏறி வா. பதிலுக்கு மூணு தட்டினா, வரேன்."

"அப்புறம்?"

"ஒருத்தர் உள்ள, ஒருத்தர் வெளியே. அவ்வளவுதான்." அவள் தலைக்கு மேலே கூரையைப் பார்த்தாள். "பாவம் அவரு. ராத்திரி முழுக்கத் தட்டிக்கிட்டே இருந்தாரு. சரியா என் தலைக்கு மேலயே. நான் பதில் மட்டும் சொன்னேன். கடைசியில மூணு தட்ட ஆரம்பிச்சாரு. மறுபடி மூணு, மறுபடி மூணு. என்னால எழுந்திருக்க முடியல. பதில் சொல்லாம கிடந்தேன். இன்னும் அவர்கிட்ட அதைப் பத்திப் பேசல. கோவம் போல. அதான் இங்க படுக்க மாட்டேங்கறாரு."

நான் கூரையைப் பார்த்தேன். சுக்கான் பிடி இருப்பது பின்கோடியில். இடையில் கேபின் முழுவதும் இருக்கிறது. அங்கே உட்கார்ந்த ஆள் இங்கே தட்ட வேண்டுமானால் கை படகின் நீளம் இருக்க வேண்டும்.

பயந்து போன இரண்டு பேர் ஒரே இரவை இரண்டு விதமாக ஞாபகம் வைத்திருப்பார்கள். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"தூங்கு," என்றேன்.

கேப்டன் டீ வாங்கப் போனார். நான் மேல்தளத்தைத் தட்டப் போனேன். பின்கோடியில் ஆரம்பித்து முன்னால் நகர்ந்தேன். மண்டியிட்டு, மூன்று மூன்றாக. கேபின் கூரை. பாய்மரத்தின் அடி. எல்லாம் கணீரென்று இருந்தது. வெயில் முதுகில் சுட்டது. தூரத்தில் யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும் சத்தம்.

முன்தளத்தில் படுக்கைக்கு நேர் மேலே வந்தேன். டக், டக், டக்.

கீழேயிருந்து பதில் வந்தது.

டக், டக், டக்.

எனக்குச் சிரிப்பு வந்தது. மாத்திரை போட்டும் குறும்பு போகவில்லை. அடுத்த இடத்துக்குச் சுத்தியலைத் தூக்கினேன்.

அப்போது படகு அசைந்தது.

பெரிதாக இல்லை. ஓரத்தில் ஓர் ஆள் கால் வைத்து ஏறினால் தண்ணீரில் நிற்கும் படகு எவ்வளவு சாயுமோ அவ்வளவு. முட்டு கொடுத்து நிறுத்திய படகு அப்படிச் சாயாது. எட்டிக் கீழே பார்த்தேன். முட்டுகள் மண்ணில் அப்படியே நின்றன. ஏணியில் யாருமில்லை.

உப்புத்தாள் சத்தம் நின்றிருந்தது.

முன்கோடியில் குனிந்து நங்கூரச் சங்கிலி இருக்கும் பெட்டியைப் பார்த்தேன். கை அதன் வேலையைச் செய்தது. முதுகுக்குப் பின்னால் கேபினின் ஏணிப்படி முனகியது. ஒரு முறை. கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை.

வேலையை முடித்துக்கொண்டு, சுக்கான் பக்கம் பார்க்காமல் படியைப் பார்த்தபடியே உள்ளே இறங்கினேன். வெயிலிலிருந்து வந்ததால் கண் இருட்டியது. வாசனைதான் முதலில் எட்டியது. பழைய ஈரம் இல்லை. புதிய கடல். அலை உடைந்த அந்த நிமிடத்துக் குளிர்ந்த வாசனை.

டார்ச்சைத் தரையில் அடித்தேன்.

பவுடரில் கோடு விழுந்திருந்தது.

நாங்கள் இன்னும் குழாயைத் திறக்கவில்லை. படகு காய்ந்த மண்ணின் மேல் நிற்கிறது. ஆனால் பள்ளத்தில் ஒரு கை ஆழத்துக்குத் தண்ணீர். நாக்கில் வைத்தேன். கரித்தது. குளிர்ந்திருந்தது.

கோட்டைப் பிடித்துப் போனேன். என் தொழில் அது. பள்ளத்திலிருந்து தரை, தரையிலிருந்து சுவர். சுவரில் மேலே.

நடுக் கொக்கி. அதற்கு நேர் கீழே சொட்டுகள் விழுந்து பவுடர் கூழாகியிருந்தது. நனைந்த கோட்டைக் கழற்றி மாட்டினால் எப்படிச் சொட்டுமோ அப்படி. கொக்கியில் ஒன்றுமில்லை. இடப்பக்கத்து மழைக்கோட்டும் இல்லை. தங்கையுடையது.

முன்பக்கத்தைப் பார்த்தேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் போர்வையை இழுத்து மூடிப் படுத்திருந்தாள். தடுப்புத் துணி அவள் எடையில் புடைத்திருந்தது. மூச்சு சீராக வந்தது. ஆழ்ந்த தூக்கம். கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

கேப்டன் இறங்கி வந்தார். கையில் இரண்டு டம்ளர்.

"மெதுவா," என்றேன். "தூங்கறா."

"யாருக்கா?"

"வேற யாரு? உங்க பொண்டாட்டிதான்."

அவர் படியிலேயே நின்றார்.

"அவ வெளியில உட்கார்ந்திருக்கா. இப்பதான் டீ குடுத்துட்டு வரேன்."

இருவரும் முன்பக்கத்தைப் பார்த்தோம்.

போர்வை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

அதன் ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டியது.

யாரும் போர்வையை விலக்கவில்லை. விலக்கியிருக்க வேண்டும் என்று பின்னால் பல முறை நினைத்திருக்கிறேன். அப்போது கால் முன்னால் போகவில்லை. படுக்கைப் பலகையில் அவசரமில்லாமல் இரண்டு தட்டு கேட்டது.

வெளியில், சுக்கான் பக்கத்திலிருந்து, இரண்டு தட்டு பதில் சொன்னது.

நாங்கள் மேலே ஏறினோம். உச்சி வெயிலில் தங்கை மழைக்கோட்டைக் கழுத்து வரை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கட்டுப் போட்ட கை சுக்கான் பிடியில் இருந்தது. முகத்தில் வியர்வை ஓடியது. கண் பட்டறைக் கூரைகளுக்கு அப்பால் எங்கோ நிலைத்திருந்தது.

"இங்க என்ன பண்றே?"

"நீதானேக்கா கூப்பிட்டே? மூணு தட்டு. இந்தத் தடவை பதில் சொல்லிட்டேன்."

"அது நான். சுத்தியல். சோதனை பண்ணிட்டிருந்தேன்."

"யாரா இருந்தா என்ன?" என்றாள். குரலில் கோபமில்லை. "படியில எனக்கு வழி விட்டு நின்னுச்சு. தலையெல்லாம் தண்ணி. பாவம்க்கா, எவ்வளவு நேரம் வெளியிலேயே நின்னிருக்கு. தூங்கட்டும்."

கேப்டன் பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். வாந்தி எடுத்தார்.

அன்று மதியம் என் தொழிலில் முதல் முறையாகப் பொய் சொன்னேன். படகில் ஒரு குறையும் இல்லை. அப்படி ஒரு உறுதியான படகை நான் பார்த்ததில்லை. அடிக்கட்டையைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் போய்விட்டன, இனி இது கடலுக்கு ஆகாது என்று சொன்னேன். கிரேன்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அவருக்கும் கண் இருக்கிறது. "நீங்க சொன்னா சரிதாம்மா," என்று மட்டும் சொன்னார். கேப்டன் நன்றியோடு தலையாட்டினார். தங்கையைச் சுக்கானிலிருந்து விடுவிக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

என் வீடு மூன்றாவது மாடி. கடல் அங்கிருந்து தெரியாது. காற்று கூட வராது. உள்ளறையை அவர்களுக்குக் கொடுத்தேன். பிரச்சினை படகில்தான் என்று நம்பினேன். படகு பட்டறையில் பூட்டிக் கிடந்தது.

முதல் மாலையே தங்கை நாற்காலியைப் பால்கனிக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள். மழைக்கோட்டைக் கழற்றாமலே கம்பியில் கை வைத்து உட்கார்ந்தாள். சாப்பாட்டைக் கையில் கொடுத்தால் சாப்பிட்டாள். கேட்டால் பேசினாள். கிண்டல் கூடச் செய்தாள். எழுந்து உள்ளே மட்டும் வரமாட்டாள். தூங்கமாட்டாள்.

"அதெப்படி வர்றது? யாராவது ஏறி வரணுமே."

தூக்கி வந்து படுக்க வைத்தோம். கண்ணைத் திறந்தபடியே கிடந்தாள். நாங்கள் அசந்த நேரம் மறுபடி பால்கனியில் இருந்தாள். டாக்டர் ஊசி போட்டார். ஊசியும் அவளைத் தூங்க வைக்கவில்லை. நாளுக்கு நாள் முகம் வற்றியது. டீயை வாய்க்குக் கொண்டுபோகும்போது கை வழி தவறியது. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போனால் உடம்பு தாங்காது என்று டாக்டர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார்.

கேப்டன் உள்ளறையில் ஒரு நாள்தான் படுத்தார். மறுநாள் தலையணையோடு வெளியே வந்தார்.

"மேல் வீட்டுல குழாய் ஒழுகுதா அக்கா? மெத்தை ஓதமா இருக்கு."

போய்ப் பார்த்தேன். கூரை காய்ந்திருந்தது. மெத்தையில் சுவர்ப் பக்கமாக ஓர் ஆள் நீளத்துக்கு ஈரம். விரலால் தொட்டேன். நாக்கில் வைக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. ஆனாலும் வைத்தேன்.

அறையைச் சாத்தினோம்.

ஒரு நாள் சாயங்காலம் கேப்டன் அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தார். என் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தார். நான் கூடத்தின் நடுவில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் பால்கனி. மறுபக்கம் சாத்திய கதவு.

தங்கை பால்கனிக் கம்பியில் தட்டினாள். மூன்று.

முறை மாற்றணும். ஏறி வா.

அவள் அப்படித் தட்டியது அதுதான் முதல் தடவை. அவ்வளவு தாங்கியவள் அவள். முடியாமல்தான் தட்டினாள். விரல் முட்டி கம்பியில் சரியாக விழக்கூட இல்லை.

கேப்டன் அடுப்பை அணைத்தார்.

சாத்திய கதவுக்குப் பின்னால் கட்டில் கிறீச்சிட்டது. யாரோ புரண்டு படுக்கும் சத்தம். பிறகு பலகையில் தட்டு. நிதானமாக.

இரண்டு.

இருக்கேன். அவ்வளவுதான்.

தங்கை மறுபடி மூன்று தட்டினாள். மறுபடி இரண்டுதான் வந்தது. அவள் தலை மெல்லக் கம்பியில் சாய்ந்தது. கண் மட்டும் மூடவில்லை.

கையில் அவளுடைய ரவிக்கை இருந்தது. மடித்து வைத்தேன். பால்கனி வாசற்படிக் கட்டையில் விரல் முட்டியால் தட்டினேன்.

மூன்று.

அவள் திரும்பினாள். வீட்டுக்கு வந்த பிறகு இப்போதுதான் என்னை முழுதாகப் பார்க்கிறாள் என்று தோன்றியது. எழுந்தாள். கால் தள்ளாடியது. மழைக்கோட்டைக் கழற்றி என் தோளில் போட்டாள். உள்ளே நனைந்து கனமாக இருந்தது.

"காத்து மேற்குலேர்ந்து. இப்போதைக்குப் பெரிய அலை இல்ல," என்றாள். "தூங்கட்டுமாக்கா?"

"தூங்கு."

சோபாவில் விழுந்தாள். விழும்போதே தூங்கிவிட்டாள். வாய் திறந்து, குறட்டை விட்டு, சின்ன வயதில் தூங்குவது போல.

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். கீழே தெருவில் ஸ்கூட்டர்கள் போய்க்கொண்டிருந்தன. எதிர் மாடியில் ஒருவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். கேப்டன் டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"அடுத்தது நான்க்கா," என்றார். "முடியலன்னா தட்டுங்க."

மூன்று பேர் இருக்கிறோம். மாற்றி மாற்றி உட்கார்ந்தால் சமாளிக்கலாம். நான் ஒரு வழக்கம் மட்டும் வைத்திருக்கிறேன். முறை முடிந்ததும் இவர்களைக் கூப்பிடுவதற்கு முன், முதலில் அந்த அறையைப் பார்த்து மூன்று தட்டுகிறேன். அதுதான் நியாயம்.

உதட்டில் உப்புக் கரிக்க, பதிலை எண்ணுகிறேன்.

ஒன்று.

இரண்டு.

காத்திருக்கிறேன்.